எங்க மூடினேன், எதுக்கு மூடினேன்: எனக்க வாசிப்ப ரிப்பேர் பண்ணின பதிவு

நெறைய வாசிக்கணும்னு நெனைக்கிறவங்க பொதுவா பக்கக் கணக்குதான் வைப்பாங்க, வருஷத்துக்கு இத்தன புக், தெனமும் இத்தன பக்கம்னு. எனக்கு நெறைய வாசிக்கணும்னு இல்ல, வாசிக்கும்போது சின்ன வயசுல இருந்த அந்த சந்தோஷம் திரும்ப வரணும், அதான் வேண்டியது. அதுக்கு பக்கக் கணக்கு உதவாது. பைக் வழியில நின்னா மெக்கானிக் இன்னிக்கு எத்தன கிலோமீட்டர் ஓட்டினன்னு கேக்க மாட்டாரு, திக்கித் திக்கி நின்னுதா, படக்குன்னு நின்னுதான்னுதான் கேப்பாரு. அதே மாதிரி நானும் ஒரு நாப்பது பக்க நோட்டு எடுத்து, புஸ்தகத்த மூடுற ஒவ்வொரு தடவையும் ஒரு வரி எழுத ஆரம்பிச்சேன். எந்தப் புக், எந்த இடத்துல உக்காந்து, எத்தன மணி, எதுக்காக மூடினேன். அவ்வளவுதான். எத்தன பக்கம் வாசிச்சேன்ங்கிறத எழுதவே இல்ல, அத எழுதினா மனசு அதுக்குப் பின்னாலயே ஓடும்.

வீடு கன்னியாகுமரி மாவட்டத்துல திருவட்டாறு பக்கம், வேல நாகர்கோவில்ல, தக்கலை வழியா பஸ்ஸுல போக வர. வீட்டுல புஸ்தகத்துக்கு கொறவு இல்ல, ராத்திரி நேரமும் கிடைக்கும். நோட்டுல எழுதின வரியெல்லாம் இந்த ரகத்துல இருந்துச்சு:

"ராத்திரி பத்து, கட்டில், உறக்கம்."
"ராத்திரி பத்தே கால், கட்டில், உறக்கம்."
"ஞாயிறு மத்தியானம், நாற்காலி, கை கடுக்குது."
"பஸ், வில்லுக்குறி தாண்டினதும் தல சுத்து."
"திண்ணை, சாயங்காலம், தும்மல்."
"கட்டில், இந்தப் பேரு யாரு, மாமனா மச்சானா, மறந்து போச்சு."
"பிடிக்கல, ஆனா முடிக்கணும்."
"போன்."

கொஞ்ச நாள் எழுதினதும் ஒரு விஷயம் தெளிவா தெரிஞ்சுது. எல்லாத்துக்கும் பேரு 'வாசிக்க முடியல'ன்னாலும் உள்ள இருக்குற கோளாறு ஒவ்வொண்ணும் வேற. கை கடுப்புக்கும் மறதிக்கும் ஒரே மருந்து எப்படி இருக்கும்? அதனால ஒவ்வொண்ணா எடுத்து தனித்தனியா சரி பண்ணேன்.

முதல்ல உறக்கம், ஏன்னா நோட்டுல அதுதான் கூடுதல். ஆனா அதே மணிக்கு போன் பாத்தா உறக்கம் வரல, ஆள் வந்து பேசினா உறக்கம் வரல, புஸ்தகம் எடுத்தா மட்டும் கண்ணு சொருகுது. அப்பம் இது கண்ணு களைப்பா இருக்கும்னு தோணி லைட்டப் பாத்தேன். எங்க ரூம்ல டியூப் லைட் கட்டிலோட தலமாட்டுக்கு நேர் எதிர்ச் சுவத்துல. சாஞ்சு உக்காந்து புஸ்தகத்த நெஞ்சுக்கு நேரா பிடிச்சா வெளிச்சம் அட்டையில விழும், வாசிக்கிற பக்கம் நிழல்ல இருக்கும், கண்ணுக்கு நேரா டியூப் லைட் அடிக்கும். நீங்களும் வழக்கமா வாசிக்கிற மாதிரி உக்காந்து, வெளிச்சம் விழுறது அட்டையிலயா பக்கத்துலயான்னு ஒரு தடவ பாத்துக்கிடுங்க.

தக்கலையில ஒரு கடையில ஆங்கிள் ஹோல்டர் ஒண்ணு, 9 வாட் எல்இடி பல்பு ஒண்ணு, கொஞ்சம் கேசிங் பட்டி, ஒயர் வாங்கினேன். பல்பு வாங்கும்போது வார்ம் ஒயிட் கேட்டு வாங்கணும், பெட்டியில 2700 இல்லன்னா 3000 கெல்வின்னு போட்டிருக்கும். சும்மா பல்புன்னு கேட்டா 6500 கெல்வின் வெள்ளையத்தான் எடுத்துத் தருவாங்க, ராத்திரி அந்த வெள்ளை வெளிச்சம் வெள்ளைப் பேப்பர்ல பட்டா எனக்குக் கண்ணு கூசும். ஹோல்டர தலமாட்டுச் சுவத்துல, உக்காந்தா இடது தோளுக்குப் பின்னால வர்ற மாதிரி, தலைக்கு ஒரு சாண் மேல வச்சோம். வெளிச்சம் தோளத் தாண்டி நேரா பக்கத்துல வந்து விழுது, பல்பு கண்ணுல படல. கனெக்‌ஷன் வேல தெரிஞ்ச ஆளக் கூப்பிட்டுத்தான் செஞ்சது, தெரியாதவங்க கை வைக்க வேண்டாம்.

லைட் மாத்தினதுல பாதி சரியாச்சு. மீதி பாதி கண்ணாடி. கைய நீட்டிப் பிடிச்சா எழுத்து தெளியுது, பக்கத்துல கொண்டு வந்தா கலங்குதுன்னா அது வெள்ளெழுத்து, நாப்பது வயசு தாண்டினா எல்லாருக்கும் வர்றதுதான், கண்ணுக்குள்ள இருக்குற லென்ஸ் இறுகி பக்கத்துல இருக்குறத ஃபோகஸ் பண்ணுற வளைவு கொறஞ்சு போகுது. டாக்டர் பாத்து பிளஸ் 1.25 எழுதித் தந்தாரு. நாப்பது தாண்டி 'முன்ன மாதிரி வாசிக்க முடியல, மனசு நிக்க மாட்டேங்குது'ன்னு சொல்றவங்க கிட்ட நான் முதல்ல சொல்றது போய் கண்ணக் காட்டுங்கன்னுதான். மனச கொற சொல்லுறதுக்கு முன்ன கண்ண ஒரு தடவ பாத்துரணும்.

அடுத்தது கை கடுப்பு. இதுலதான் நான் கூடுதல் நேரம் செலவழிச்சேன், செஞ்சதுல எனக்கு ரொம்பப் பிடிச்சதும் இதுதான். ஆயிரம் பக்க நாவல மடியில வச்சா கழுத்து குனியும், தூக்கிப் பிடிச்சா மணிக்கட்டு கடுக்கும், நடுவுல வேற வழியில்ல. எங்க பக்கத்துல ஆடி மாசம், கர்க்கடகம்னு சொல்லுவோம், பல வீடுகள்ல ராமாயணம் வாசிப்பாங்க, அந்தப் புஸ்தகத்த யாரும் கையில தூக்கிப் பிடிக்க மாட்டாங்க, ரெண்டு பலகைய குறுக்க கோத்த வியாசபீடத்துல வச்சுத்தான் வாசிப்பு. திருவிதாங்கோட்டுல எனக்கொரு கூட்டுக்காரன் இருக்கான், அவன் வீட்டுல குர்ஆன் ஓதறதும் அதே மாதிரி ரெகால்லதான். கனமான புஸ்தகத்துக்கு பலகை வேணும்னு நம்ம ஆளுக்காருக்கு எப்பவோ தெரிஞ்சிருக்கு.

ஆனா வியாசபீடம் தரையில சம்மணம் போட்டு இருக்கிறவங்களுக்கு. எனக்கு மேசையில வைக்கணும். வாசக்கதவு போட்டப்ப மிஞ்சின அயனிப் பலகை விறகுப் பெரையில கெடந்துது, நல்ல காஞ்ச தடி. அதுல 14 இஞ்சுக்கு 10 இஞ்ச் ஒரு துண்டு, அதான் புஸ்தகம் சாயிற பலகை. அடிக்கு 14க்கு 9ல இன்னொண்ணு. ரெண்டையும் முன்பக்க விளிம்புல ரெண்டு கீல் வச்சு சேத்தேன். சாயிற பலகைக்குப் பின்னால ஒரு சின்ன கீல்ல ஆடுற மாதிரி ஒரு முட்டுக்கொம்பு, அடிப்பலகையில உளி வச்சு மூணு காடி. கொம்ப எந்தக் காடியில நிறுத்துறோமோ அதுக்கு ஏத்த சரிவு. நடுக்காடி ஏறக்குறைய 45 டிகிரி, எனக்கு அதான் வசதி. அடிப்பலகை ஆழம் கொறஞ்சா பெரிய புஸ்தகம் வச்சதும் பின்னால மலந்துரும், 9 இஞ்சுக்குக் கீழ போக வேண்டாம்.

புஸ்தகம் வழுக்காம இருக்க கீழ ஒரு ரீப்பர் அடிக்கணும். முதல்ல ஒரு இஞ்ச் ஒசரத்துல அடிச்சதுல பக்கம் திருப்பும்போது தாளோட கீழ் மூலை தட்டி மடங்குச்சு, பெறகு அத அரை இஞ்சுக்கு இழைச்சு, மேல் விளிம்ப உப்புத்தாள் போட்டு உருட்டினேன், இப்பம் தாள் தடவிட்டுப் போகுது. பக்கம் தானா மூடாம இருக்க பழைய சைக்கிள் ஸ்போக் ரெண்ட 'ட' மாதிரி வளைச்சு ரீப்பருக்கு ரெண்டு ஓரமும் துளை போட்டு சொருகி, நுனியில பேனா ரப்பர் மாட்டியாச்சு. கொக்கி திரும்பும், பக்கத்த மெதுவா அமுக்கும், தாளக் கிழிக்காது. கடைசியா தேன்பெட்டி வச்சிருக்குற பக்கத்து வீட்டு அண்ணன்கிட்ட கொஞ்சம் தேன்மெழுகு வாங்கி தடி மேல தேச்சு, பழைய காட்டன் துணி வச்சு நல்லா அழுத்தித் தொடச்சேன். அயனிக்கு அந்த மஞ்ச கலந்த தவிட்டு நெறம் எடுத்துக் குடுத்துது. வார்னிஷ் அடிச்சா லைட் பட்டு மினுங்கும், வாசிக்க இடைஞ்சல், மெழுகுதான் நல்லது.

ரெண்டு கையும் சும்மா கெடக்கு. ஒரு கையில சாயா கிளாஸ், ஒரு கையில பென்சில். பென்சில் கையில இருக்குறதே வாசிப்ப மாத்துது, பிடிச்ச வரிக்கு ஓரமா ஒரு கோடு போட்டுட்டு மேல போகும்போது கூட இருக்குற ஆளுக்கிட்ட 'கேட்டியா'ன்னு சொன்ன மாதிரி ஒரு திருப்தி.

தும்மலுக்குக் காரணம் அலமாரி. நம்ம மாவட்டத்துக்கு ரெண்டு மழை, ஜூன் தொட்டு தென்மேற்கு, அது ஓஞ்சதும் அக்டோபர்ல வடகிழக்கு, சுவரு காயறதுக்கு நடுவுல நேரமே கிடைக்காது. எங்க வீட்டு அலமாரி சுவத்தோட ஒட்டி நின்னுது, பின்வரிசை புஸ்தகம் எல்லாம் பூத்துப் போய் இருந்துச்சு, தாளுக்குள்ள ராமபாணப் பூச்சி வேற. காத்துல ஈரப்பதம் 65 சதவீதத்துக்கு மேல தொடர்ந்து நின்னா பூஞ்சை பிடிச்சுரும், ராமபாணத்துக்கும் ஈரம்தான் வேணும், பைண்டிங்ல இருக்குற பசையும் தாள்ல இருக்குற மாவுச்சத்தும்தான் அதுக்கு சாப்பாடு.

மழை இல்லாத ஒரு வாரம் பாத்து, எல்லாத்தையும் திண்ணையில எறக்கி, மூக்குல மாஸ்க் கட்டிக்கிட்டு, காஞ்ச துணியில ஒவ்வொண்ணா தொடச்சு, விசிறி மாதிரி விரிச்சு நிறுத்தி நெழல்ல ஃபேன் போட்டு ஆத்தினேன். வெயில்ல வைக்கவே கூடாது, தாள் மஞ்சளாகி மொறுமொறுன்னு ஒடியும். ஈரத்துணியும் வேண்டாம், பூஞ்சைய தாளுக்குள்ள தேச்சுவிட்ட மாதிரி ஆயிரும். அலமாரிய சுவத்துல இருந்து நாலு விரல் தள்ளி வச்சு, தட்டுல விரிச்சிருந்த பழைய நியூஸ்பேப்பர எடுத்துப் போட்டாச்சு, அது ஈரத்த குடிச்சு வச்சுக்கும். வசம்ப இடிச்சு துணியில முடிஞ்சு தட்டுக்கு ஒண்ணு வச்சிருக்கேன், ஏட்டுச்சுவடி காலத்துல இருந்து செய்யற காரியம். ஆனா காத்தோட்டம் இல்லாம வசம்பு மட்டும் வச்சா ஒண்ணும் நடக்காது, அலமாரிக் கதவ மழை இல்லாத நேரம் தொறந்து போடுறதுதான் பெரிய வைத்தியம்.

முதுகு விட்டுப்போன புஸ்தகங்களுக்கு மைதாப் பசை காய்ச்சி, மெல்லிசு பருத்தித் துணிய ஒட்டி, மேல பலகை வச்சு அம்மிக்குழவி பாரம் ஏத்தி ஒரு ராத்திரி விட்டேன். பழைய பைண்டர்மாரு பசையில பூச்சி வராம இருக்க மயில்துத்தம் சேப்பாங்க, நம்ம ஊருல ரப்பருக்கு மருந்தடிக்க வாங்குற அதே துருசுதான். அது விஷம், பிள்ளைங்க இருக்குற வீட்டுல, விரல நாக்குல தொட்டு பக்கம் திருப்புற ஆளுங்க இருக்குற வீட்டுல வேண்டாம்னு நான் விட்டுட்டேன்.

பேரு மறக்குறதுக்கு செஞ்சது சின்ன வேலதான். தபால் கார்டு அளவுல ஒரு அட்டை, அதுல பேரு வர வர எழுதிக்கிட்டே போகணும், யாருக்கு யாரு என்ன மொறைன்னு ஒரு கோடு. அதையே பக்க அடையாளமாவும் வச்சுக்கிட்டா தேட வேண்டாம். மூணு தலைமுறை வர்ற நாவல்ல இது இல்லாம போனா முப்பதாம் பக்கத்துல செத்த ஆளு எழுபதாம் பக்கத்துல பேசுற மாதிரி இருக்கும். போனுக்கு, சார்ஜர அடுக்களைக்கு மாத்தினேன், அது பத்திப் பேச வேற ஒண்ணும் இல்ல.

"பிடிக்கல, ஆனா முடிக்கணும்"ங்கிறது கொஞ்சம் ஆழமான கோளாறு. காசு குடுத்து வாங்கினோம், நல்ல புஸ்தகம்னு பெரியவங்க சொன்னாங்க, பாதியில விட்டா என்னவோ போலன்னு ஒரு புஸ்தகம் வழிய மறிச்சுக்கிட்டு நிக்கும், அதனால வேற எதையும் எடுக்க மாட்டோம், மாசக்கணக்குல வாசிப்பே நின்னு போகும். இதுக்கு லைப்ரரி நல்ல வழி. மதராஸ் பொது நூலகச் சட்டம் 1948ல வந்தது, நம்ம வீட்டு வரியோட நூத்துக்கு பத்து நூலக வரியும் சேத்துத்தான் கட்டிட்டு இருக்கோம், ரசீத எடுத்துப் பாருங்க, தனியா போட்டிருக்கும். அந்தக் காசுக்குத்தான் நாகர்கோவில் மாவட்ட மைய நூலகமும் ஊருல இருக்குற கிளை நூலகமும். எடுத்துட்டு வந்து ஓடலன்னா திருப்பிக் குடுத்துரலாம், மனசுல பாரம் இல்ல. சீர்காழிக்காரரு எஸ்.ஆர்.ரங்கநாதன் 1931ல எழுதின நூலக விதி அஞ்சுல, ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான நூல், ஒவ்வொரு நூலுக்கும் அதுக்கான வாசகர்னு ரெண்டு உண்டு. அந்த ரெண்டாவத நான் ரொம்ப நம்புறேன். ஒரு புஸ்தகம் எனக்கு ஓடலன்னா அதுக்குரிய ஆள் வேற எங்கயோ இருக்காரு, இல்லன்னா அதுக்குரிய ஆளா நான் இன்னும் ஆகல. வீட்டுல ஒரு தட்ட 'பெறகு'ன்னு ஒதுக்கி வச்சிருக்கேன், நோட்டுல ரெண்டு தடவ பிடிக்கலன்னு வந்தா அந்தத் தட்டுக்குப் போயிரும். அதுல இருந்து ஒரு நாவல் போன இடவப்பாதி மழையில, அதான் தென்மேற்கு மழையில, தானா எறங்கி வந்து ஒரே மூச்சுல ஓடுச்சு.

இனி சொல்லப்போறது நான் எதிர்பாக்காம கிடைச்சது. எங்க அம்மைக்கு, அதான் அம்மாவுக்கு, கண்ணுல புரை, ஆபரேஷனுக்கு டாக்டர் இன்னும் கொஞ்சம் பொறுக்கச் சொன்னாரு, வாசிக்க முடியாம சடைஞ்சு போய் இருந்தாங்க. பலகை செஞ்சு முடிச்ச பெறகு, ரெண்டு கையும் சும்மா இருக்கே, சத்தமா வாசிக்கலாமேன்னு ஹெப்சிபா ஜேசுதாசனுக்க 'புத்தம் வீடு' எடுத்தேன். 1964ல வந்த நாவல், நம்ம குமரி மாவட்டத்துப் பேச்சுல, பனையேறிக் குடும்பங்களோட கத. நான் மனசுக்குள்ள அத முன்ன வாசிச்சிருக்கேன், நல்ல புக்னு தெரியும், ஆனா பேச்சு வர்ற எடமெல்லாம் கண்ணு வேகமா தாண்டிப் போயிருந்துது. அம்மைக்கு பிறந்த ஊரு குழித்துறைப் பக்கம். நான் வாசிச்சா எடையில நிறுத்துவாங்க.

"மக்களே, அத அப்பிடி வெட்டிச் சொல்லாத. நீட்டிச் சொல்லு, கெஞ்சுத மாதிரி."

நான் நீட்டிச் சொன்னா அந்த எடம் அப்பிடியே வேற ஆகும். கோவம்னு நான் நெனைச்சது கெஞ்சலா இருக்கும். பனை வர்ற பக்கத்துல அவங்க கத ஆரம்பிக்கும், கலயத்துக்குள்ள சுண்ணாம்பு தேய்க்குறது, தேய்க்காம விட்டா அக்கானி, அதான் பதநீர், புளிச்சு கள்ளாயிரும், அக்கானிய பெரிய சட்டியில ஊத்தி காஞ்ச ஓலை போட்டு எரிக்குறது, பதம் பாக்க ஒரு சொட்ட தண்ணியில விட்டு உருட்டிப் பாக்குறது, பெறகு வரிசையா வச்ச செரட்டையில ஊத்துறது. "ஊத்தி முடிச்சா சட்டியில ஒட்டி இருக்கியத வழிச்சுத் திங்க நாங்க அஞ்சாறு பிள்ளையளு சுத்தி இருப்போம், கேட்டியா" அப்பிடின்னு சொல்லிட்டு, "செரி, நீ வாசி" அப்பிடிம்பாங்க. ஒரு ராத்திரிக்கு நாலஞ்சு பக்கத்துக்கு மேல போகாது. பக்கக் கணக்கு வச்சிருந்தா இது தோல்வி. மூடின காரணம்னு நோட்டுல எழுதினது "அம்மைக்கு மருந்து நேரம்". 'போன்'னு எழுதினத விட்டா, அதுக்கு முன்ன எழுதின எந்த வரியும் இப்பிடி வெளியில இருந்து வந்து கூப்பிட்டு மூடின வரி இல்ல.

அதுக்குப் பெறகு தனியா வாசிக்கும்போதும், பேச்சு வர்ற எடத்துல உதட்ட அசைச்சு, சன்ன சத்தத்துல வாசிக்கிறேன். பள்ளிக்கூடத்துல உதட்ட அசைக்காம வாசின்னு சொல்லிக் குடுத்தது வேகத்துக்கு. நாவலுக்கும் கவிதைக்கும் வேகம் எதுக்கு? வட்டார வழக்குல எழுதின எதையும் காது வழியா உள்ள விடணும், நம்ம ஊருல இருந்து நல்ல நாவல் இத்தன வந்திருக்கு, அதெல்லாம் ஒரு தடவையாவது சத்தமா வாசிக்கப்பட வேண்டிய புஸ்தகம்னு நெனைக்கிறேன்.

சரியாகாதது பஸ் ஒண்ணுதான். தலைசுத்துக்குக் காரணம் என்னன்னா, காதுக்குள்ள இருக்குற சமநிலை உறுப்பு வண்டி ஆடுது திரும்புதுன்னு சொல்லும், கண்ணு மடியில இருக்குற பக்கம் அசையலன்னு சொல்லும், ரெண்டு தகவலும் ஒத்துப் போகாம மூள குழம்பி ஓங்காளம் வரும். முன் சீட்டுல ஜன்னலோரம் உக்காந்தா கொஞ்சம் கொறையுது, வண்டி நிக்கும்போது மட்டும் வாசிக்கலாம், ஓடும்போது வெளிய பாக்கணும். இப்பம் போகும்போது ஆடியோவுல சிறுகதை கேக்கிறேன், நாகர்கோவில் வடசேரி பஸ் ஸ்டாண்டுல வண்டிக்குக் காத்து நிக்கிற நேரத்துக்கு பையில ஒரு கட்டுரைப் புஸ்தகம், கட்டுரைன்னா எங்க விட்டாலும் எடுத்துக்கிடலாம். நாவல் வீட்டுக்கு மட்டும். இப்பிடி நேரத்துக்கு ஒண்ணா பிரிச்சதுல எந்தப் புஸ்தகமும் இன்னொண்ணுக்க எடத்துல வந்து முட்டுறது இல்ல.

அடுத்த வேல அம்மைக்கு ஒரு பலகை. ஆபரேஷன் முடிஞ்சு டாக்டர் வாசிக்கலாம்னு சொன்ன பெறகு அவங்களே பைபிள வச்சு வாசிக்கிற மாதிரி, கட்டில்ல மடிக்கு மேல நிக்குற நாலு கால் வச்சது. பெரிய எழுத்து பைபிள் நல்ல கனம், அயனி போட்டா பலகையும் கனமாயிரும், அதனால முருக்குத் தடி மாதிரி லேசானது ஏதாவது மில்லுல கிடைக்குமான்னு கேட்டு வச்சிருக்கேன்.